பன்னிரண்டாம் பக்கத்துத் தோழி

ஒரு தோழி. அவ்வளவுதான் போட்டிருக்கிறார்கள். பேர் இல்லை, ஊர் இல்லை, மூக்கு முழிகூட இல்லை. பன்னிரண்டாம் பக்கத்தின் இடது ஓரத்தில் பச்சைப் பாவாடை கட்டிய ஒரு முதுகு, அதற்குக் கீழே கொட்டை எழுத்தில், 'ஒரு தோழி கவனமில்லாமல் கட்டிய முடிச்சு அவிழ்ந்தது. ராணி விழுந்தாள். எழுந்தாள். மீண்டும் ஆடினாள்.' பூங்கோதை பச்சைப் பாவாடை கட்டினதே கிடையாது. பொய்க்கால் குதிரை ஆட்டத்தில் ராஜா வேஷத்துக்கு எவள் பாவாடை கட்டுவாள், நீலச் சராயும் ஜிகினா வைத்த சட்டையும்தான், மீசையை அவளே கண்மையில் வரைந்துகொள்வாள், இடது மீசை எப்போதும் கொஞ்சம் தூக்கலாக வரும். அதையாவது போட்டிருக்கலாம். மீசை வைத்த ஒரு பெண்ணைப் போட்டிருந்தால் பிள்ளைகள் சிரித்திருக்கும். இடுப்பில் இருந்த சின்னவன் அவள் தாலிக்கொடியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தான், வரிசை இரண்டடி நகர்ந்தது, மூத்தவள் இனியா புத்தகத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு கட்டிக்கொண்டு அந்த இரண்டடியையும் ஒரே தாவாகத் தாவினாள். ஹைஸ்கூல் மைதானத்தில் போட்ட தகரக் கொட்டகை, ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணி வெயில் தகரத்தில் இறங்கி அப்படியே தலையில் உட்கார்ந்திருந்தது. புத்தகத் திருவிழா என்று வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். வரிசையில் முன்னால் ஒரு முப்பது பேர், அதற்கும் முன்னால் வெள்ளைத் துணி விரித்த மேஜை, மேஜைக்குப் பின்னால் அரக்குப் பட்டு, கண்ணாடி, தலை நிறைய கனகாம்பரம், அமுதா. இப்போது அமுதவல்லி. 'குதிரை ராணி அமுதவல்லி', முப்பத்திரண்டு பக்கம், எல்லாப் பக்கத்திலும் வண்ணப்படம்.

படம் அழகு. அதுதான் எரிச்சல். பொய்க்கால் குதிரையை அப்படி யாரும் வரைந்து அவள் பார்த்ததில்லை, குதிரையின் கண்ணில் ஒரு சிரிப்பு, கழுத்தில் தொங்கும் குஞ்சம் காற்றில் பறக்கிற மாதிரியே இருக்கிறது, கால் கட்டைகளில் நாலு இடத்தில் சிராய்ப்புக்கூட வரைந்திருக்கிறான் அந்தப் பையனோ பெண்ணோ. அசிங்கமாக வரைந்திருந்தால் வீசிப்போட்டிருக்கலாம். பக்கத்து மேஜையில் இதே வரிசையில் வந்த மற்ற புத்தகங்கள் அடுக்கியிருந்தன, ஒரு நாதஸ்வரக்காரர், ஒரு மேஜிக் காட்டுகிற அம்மாள், பாம்பு மாதிரி உடம்பை வளைக்கிற சர்க்கஸ்காரர், எல்லாரும் அட்டையில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். அதற்கு அந்தப் பக்கம் விரித்தால் எழுந்து நிற்கிற வீட்டுப் புத்தகம், மேகத்துக்குக் குடை பிடிக்கிற தவளையைப் பற்றி ஒன்று, தடவினால் ஆட்டுத்தோல் மாதிரி சொரசொரக்கிற புத்தகம் ஒன்று. "இனியா, அந்தத் தவளையைப் பாரேன், எவ்வளவு ஜோரா இருக்கு," என்றாள் பூங்கோதை. இனியா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்தில் வாசிப்புப் போட்டியில் பரிசாகக் கொடுத்தது இந்தப் புத்தகம். மூன்று மாதமாகக் காலையில் பல் விளக்கும்போதே ஆரம்பித்துவிடுகிறாள். வாயில் நுரையோடு, ராணி விழுந்தாள், எழுந்தாள். இட்லியைப் பிட்டுக்கொண்டே, மீண்டும் ஆடினாள். நாதஸ்வரக்காரருக்கும் இப்படித்தானோ? அவருக்கும் எந்த ஊரிலாவது ஒரு தோழன், சமையல்கட்டில் நின்றுகொண்டு, தன் பிள்ளை படிக்கத் தன் வாழ்க்கையைக் கேட்டுக்கொண்டு, தோசையைக் கருக விட்டுக்கொண்டு?

"அம்மா, ராணியை நான் ஒண்ணு கேக்கலாமா?" "கேளு." "விழுந்தப்ப அழுதீங்களான்னு." பூங்கோதை சின்னவனை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள். "நீ கிணத்தடியில வழுக்கி விழுந்தப்ப அழுதியாம்மா?" கிணற்றடி. அது பூங்கோதையே சொன்ன பொய். இடது கணுக்கால் மழைக்காலத்தில் வீங்கும், ஏம்மா வீங்குது என்று பிள்ளை கேட்டபோது ஆட்டத்தைச் சொல்ல வாய் வரவில்லை. கல்யாணம் பேசும்போது அம்மா சொல்லியனுப்பினது அப்படி, குதிரை ஆடுனேன் மீசை வரைஞ்சேன்னு அங்க போயி வாயைத் தொறந்துடாத, கௌரவமான குடும்பம். கௌரவமான குடும்பத்தில் அவள் புருஷன் ஞானசேகர் மட்டும் மூன்றாம் நாளே காலைப் பார்த்துவிட்டுக் கேட்டான், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான், இந்தப் புத்தகம் வீட்டுக்கு வந்த அன்றுகூட லோடு ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே, "விடு கழுதைய, நீ விழுந்தா என்ன அவ விழுந்தா என்ன, ரெண்டு பேரும் எந்திரிச்சாச்சுல்ல," என்றான். அப்படி விட முடியவில்லை. கோழியைத் தூக்கிக்கொண்டு போனால் விடலாம், நாத்தனார் பேசினால் விடலாம், விட்டும் இருக்கிறாள், சிரித்துக்கொண்டே விட்டிருக்கிறாள், பூங்கோதையா, அவ எப்பவும் சிரிச்ச முகம்தான் என்று தெருவே சொல்லும். ஆனால் விழுந்ததை எடுத்துக்கொண்டு போவார்களா ஒருத்தர்? வளையலை எடுக்கலாம், பேரை எடுக்கலாம், வலியை எடுத்து ஒருத்தி பட்டுப்புடவை மாதிரிக் கட்டிக்கொள்வாளா? கொண்டுபோனவள் சும்மா போனாளா, கட்டத் தெரியாதவள் என்ற பட்டத்தை வேறு பச்சைப் பாவாடையில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள்.

கட்டத் தெரியாதவள். பூங்கோதையின் விரல்கள் சின்னவனின் அரைஞாணை நெருடிக்கொண்டிருந்தன. பொய்க்காலைத் தானே கட்டிக்கொள்ள முடியாது, உயரத்தில் உட்காரவைத்து அடுத்தவர்தான் கட்டவேண்டும், பாதத்தைக் கட்டை மேல் பதித்து, ஈரத்துணியை முழங்காலுக்குக் கீழ்வரை ஏறுசுற்று சுற்றி, இறங்குசுற்று சுற்றி, உள்பக்கம் முடிய வேண்டும். ராணி அமுதா காலை இவள், இவள் காலை அமுதா. ஏழு வருஷம். கட்டின கைதான் அவிழ்க்க வேண்டும், வேறு கை பட்டால் அந்தக் கால் அடுத்த ஆட்டத்தில் சதி செய்யும், அது அவர்கள் செட்டின் வழக்கம், கத்தியும் வைக்கக்கூடாது, இதைக்கூட அமுதா விடவில்லை, ஐந்தாம் பக்கத்தில் பெட்டி கட்டிப் போட்டிருக்கிறது, 'கட்டிய கைதான் அவிழ்க்க வேண்டும். இன்றுவரை இந்த வழக்கத்தை ராணி மீறியதில்லை.' ஏழு வருஷத்தில் பூங்கோதை கட்டின முடிச்சு ஒன்று நழுவினதாக எவனாவது சொல்லட்டும். நழுவினது அமுதா கட்டினது. தஞ்சாவூரில், டெல்லிக்குப் போகிற ஜோடியைத் தேர்ந்தெடுக்கிற அன்று, பதினோரு வருஷத்துக்கு முந்தி, மூன்றாம் சுற்றில், தவில் ஏறி வருகிற இடத்தில், இடது கட்டை ஒரு நொடி தன்னுடையதாக இல்லாமல் போனது. யாரோ கதவைத் திறந்துவிட்ட மாதிரி. பிறகு சிமெண்டுத் தரை, குதிரைக் கூட்டின் மூங்கில் விலாவில் குத்தினது, கணுக்காலில் முறுக்கு ஒடிகிற சத்தம். சத்தம்தான் முதலில், வலி பிறகுதான் வந்தது. துணியைப் பல்லால் கடித்து இழுத்துத் தானே முடிந்துகொண்டு எழுந்து மீதி இரண்டு சுற்றும் ஆடினாள். எப்படி ஆடினாள் என்று இன்றைக்கும் தெரியாது. ஜோடி தேர்வானது. மாவுக்கட்டோடு பூங்கோதை வீட்டில், வேறொரு ராஜாவோடு அமுதா டெல்லியில். இதிலெல்லாம்கூட வருத்தம்தான், வஞ்சம் இல்லை. அந்த முடிச்சு. அவளுக்குக் கை நழுவியதா, நழுவவிட்டாளா? கட்டும்போது அமுதா தன் முகத்தைப் பார்க்கவில்லை என்று ஒரு நாள் தோன்றும், பார்த்தாள், சிரித்தாள்கூட என்று இன்னொரு நாள் தோன்றும். குளிக்கும்போது, மாவு அரைக்கும்போது, பிள்ளைக்குச் சடை பின்னும்போது, முக்கியமாகச் சடை பின்னும்போது, நழுவியதா, விட்டாளா, கடைசிப் பின்னலை இழுத்து முடிகிற வரைக்கும்.

இருபது பேர். பதினைந்து பேர். கிட்டப் போனதும் என்ன சொல்வது? 'என்னைத் தெரியுதா' என்று கேட்டால் கையேந்துகிற மாதிரி இருக்கும். 'நல்லாயிருக்கியா அமுதா' என்றால் உறவு கொண்டாட வந்த மாதிரி. 'பன்னெண்டாம் பக்கம் பொய்' என்று இத்தனை பேருக்கு நடுவில் உரக்கச் சொன்னால்? எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், இடுப்பில் மூக்கு ஒழுகுகிற பிள்ளையோடு ஒருத்தி கத்துகிறாள் என்று பார்ப்பார்கள், போட்டோகூட எடுப்பார்கள், இனியா அழுவாள். பையில் தண்ணீர் நிரம்பின எவர்சில்வர் பாட்டில் இருந்தது, நல்ல கனம், அதை அந்த வெள்ளைத் துணியில், கையெழுத்துப் போட அடுக்கின புத்தகங்கள் மேல், தவறிக் கொட்டின மாதிரி, ஐயையோ கை நழுவிடுச்சு, கவனமில்லாமப் பிடிச்சிட்டேன் என்று. அந்த வாக்கியம் நாக்கில் வெல்லம் மாதிரி இருந்தது. ஆனால் புத்தகம் என்ன பாவம் செய்தது, பிள்ளைகள் பாவம். கிட்டப் போனதும் தானாக வார்த்தை வரும். வராதா? பத்துப் பேர். சின்னவன் சிணுங்கினான், அவன் வாயில் முறுக்கை வைத்தாள். ஐந்து. கனகாம்பரத்தோடு சேர்ந்து அந்தப் பழைய வாசனை, தேங்காயெண்ணெயும் ரோஸ் பவுடரும், மேஜைக்கு இந்தப் பக்கமே வந்துவிட்டது.

"பேரு?" நிமிரவில்லை. "இனியா," என்றாள் இனியா, குரல் கிரீச்சிட்டது. பேனா ஓடியது. புத்தகம் திரும்பி வந்தது. "அடுத்து." அவ்வளவுதான். காதோரம் இரண்டு நரைமுடி, பேனா பிடித்த விரலில் கல்மோதிரம், அதைத் தவிர பூங்கோதைக்கு எதுவும் கிடைக்கவில்லை. வரிசை பின்னாலிருந்து தள்ளியது, தள்ளின வேகத்தில் மூவரும் கொட்டகையின் அந்த முனையில் நின்றார்கள். "அம்மா, படி, என்ன எழுதியிருக்காங்கன்னு படி!" முதல் பக்கத்தில் நீல மையில், 'அன்பு இனியாவுக்கு, விழுந்தாலும் எழுந்து ஆடு. அமுதவல்லி.' பூங்கோதை படித்தாள், சத்தமாக, சிரித்த முகத்தோடு. விழுந்தாலும். முப்பது பேர் நகர்கிற வரைக்கும் கோத்த வார்த்தை ஒன்றுகூட வெளியே வரவில்லை, அவள் விழுந்த விழுகையை இரவல் எடுத்தவளே அதை அவள் மகளுக்கு ஆசீர்வாதமாகத் தானம் செய்திருக்கிறாள், இதை வாங்க வெயிலில் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறாள். மடச்சி. பஸ் பிடித்து வந்து நின்ற மடச்சி.

நாலரைக்கு மேடையில் ஆட்டம் என்று சொல்லியிருந்தார்கள். முந்நூறு பிள்ளைகள் தரை விரிப்பில் உட்கார்ந்து அதே புத்தகத்தால் விசிறிக்கொண்டிருந்தன. குதிரைக் கூடு தயார், தவில்காரர் தயார், மேஜை மேல் அமுதவல்லி கால் தொங்கப்போட்டு உட்கார்ந்தாயிற்று, ஆனால் கட்டுக் கட்டுகிற அம்மாளைக் காணோம். திருவிழாக்காரர், கழுத்தில் அடையாள அட்டை மாட்டினவர், மைக்கைத் தட்டினார். "நம்ம ராணியம்மாவுக்குக் கால் கட்டுறவங்க வர்ற வழியில ரயில்வே கேட்டப் போட்டுட்டானாம். இங்க வந்திருக்கிற தாய்மார்கள்ல பொய்க்கால் கட்டத் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?" வேடிக்கைக்குத்தான் கேட்டார், கூட்டமும் சிரித்தது. பூங்கோதைக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்தில் இருந்த பெண்ணிடம், "அக்கா, புள்ளைய ஒரு நிமிஷம் பிடிங்க," என்று சின்னவனைக் கொடுத்தாள், முந்தானையை இழுத்துச் செருகினாள், நடந்துவிட்டாள். இனியா வாயைப் பிளந்துகொண்டு பின்னால் ஓடிவந்து முதல் வரிசையில் இடம் பிடித்தாள்.

"துணியை நனைச்சுக் குடுங்க." அந்தக் குரலுக்குத்தான் அமுதா நிமிர்ந்தாள். செருப்புக் கடையில் நீட்டுகிற மாதிரி நீட்டியிருந்த வலது கால் பின்னுக்குப் போனது. "பூங்கோ?" "ம்." "நீ... நல்லாயிருக்கியாடி?" "காலை நேரா வை." கட்டை பழைய கனம்தான், தேய்ந்த இடத்தில் கை தானாகப் போய் உட்கார்ந்தது, பதினோரு வருஷம் சாம்பாரும் சாணியும் சோப்பும் தொட்ட கை, ஒன்றையும் மறக்கவில்லை. ஏறுசுற்று. "எத்தனை வருஷமாச்சு. புள்ளைங்க எத்தனை?" "ரெண்டு. அதோ முன்னாடி உக்காந்திருக்காளே, ரெட்டைச் சடை, அவ பெரியவ. உன் புத்தகம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். பன்னெண்டாம் பக்கம்னா உசிரு." இறங்குசுற்று. கைக்குள் இருந்த கெண்டைக்கால் இறுகினது. "அது வந்து, எழுதுறவங்க வீட்டுக்கு வந்து கேட்டாங்க, பேச்சுவாக்குல ஏதோ சொன்னேன், அவங்களா அப்படி..." "படம் நல்லாயிருக்கு." "பூங்கோ, சத்தியமா..." "இடது காலைக் குடு." கொடுக்கவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்த கல்மோதிர விரல் வெளுத்திருந்தது. கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தபடியே, உதடு அசையாமல், அமுதா சொன்னாள், "என்னை விழ வச்சிடாதடி. சின்னப் புள்ளைங்க பாக்குதுங்க." அங்கே பூங்கோதைக்குப் பதில் கிடைத்துவிட்டது. நேராகக் கட்டினவளுக்கு இந்தப் பயம் வராது. கை நழுவினவளுக்கு இந்தப் பயம் வராது. பதினோரு வருஷ மாவரைப்பு, சடை பின்னல், எல்லாவற்றுக்கும் பதில் அந்த வெளுத்த விரலில் இருந்தது, இவ்வளவு சின்னதாக, இவ்வளவு மலிவாக. இடது காலைத் தானே எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

இப்போது வேண்டுமானால் முடியும். கடைசி இறங்குசுற்றில் ஒரு விரல் இடம், வெளியே பார்த்தால் தெரியாது, முதல் சுற்றிலும் தெரியாது, இரண்டாம் சுற்றிலும் தெரியாது, தவில் ஏறும்போது கதவு திறந்துகொள்ளும். எப்படி என்று இவளைவிட யாருக்குத் தெரியும்? ஈரத்துணி உள்ளங்கையில் குளிர்ந்தது. பட்டும் கனகாம்பரமும் பலகையில் அப்பளமாய் உடைவதைப் பார்த்தாள், முந்நூறு பிள்ளைகளின் ஐயோவைக் கேட்டாள், காதுக்கு இதமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். விரல் துணியில் அந்த இடைவெளியை விட்டும்விட்டது. முதல் வரிசையில் இனியா பன்னிரண்டாம் பக்கத்தை விரித்துவைத்துக்கொண்டு, அது கண்முன்னால் நடக்குமோ என்பதுபோல மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ராணி விழுந்தாள். எழுந்தாள். சட்டென்று பூங்கோதைக்கு விளங்கியது, விழுந்தால் இவள் எழுந்துவிடுவாள். எழுந்து ஆடுவாள், இல்லாவிட்டால் மைக்கைப் பிடித்து அழுவாள், கைத்தட்டல் கூரையைப் பிய்க்கும், அடுத்த பதிப்பில் ஒரு பக்கம் கூடும். இதுநாள்வரை பொய்யாக இருந்த பக்கத்தை நானே என் கையால் மெய்யாக்கித் தருவதா? ஒரு தோழி கவனமில்லாமல். மாட்டேன். உனக்கு விழுகை கிடையாதுடி. ஒரு விழுகையைத் திருடினது போதும், இன்னொன்றை என் கையிலிருந்து வாங்கமாட்டாய். இறங்குசுற்றை இறுக்கினாள். உள்பக்கம் கொண்டுவந்து முடிந்தாள், முடிந்ததை நனைத்து மறுபடி முடிந்தாள், இழுத்துப் பார்த்தாள், தன் ஆயுளில் கட்டின கட்டுகளிலேயே நல்ல கட்டு அது, தென்னைமரத்தில் கட்டியிருந்தால் மரம் நடந்திருக்கும். "எந்திரி. விழமாட்டே," என்றாள். அமுதா அவள் முகத்தைப் பார்த்தாள். நம்புவதா வேண்டாமா என்று தெரியாமல், ஆனால் நம்புவதைத் தவிர வேறு வழியில்லாமல், இரண்டு பேர் தோளைப் பிடித்து எழுந்தாள். தவிலில் அடி விழுந்தது.

பூங்கோதை படியிறங்கிச் சின்னவனை வாங்கிக்கொண்டாள், இனியாவின் கையைப் பிடித்தாள். "அம்மா, ஆட்டம்மா! ஆட்டத்தைப் பாக்கணும்மா!" "மொத சுத்துப் பாத்தாச்சுல்ல, வா, பசிக்குது." மைதானத்தின் அந்தக் கோடியில் வாழைக்காய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார்கள், அவ்வளவு தூரமும் இனியா தலையைத் திருப்பிக்கொண்டே வந்தாள், "உனக்கு எப்படிம்மா கட்டத் தெரியும், எப்படித் தெரியும்" என்று முப்பது தரம். எண்ணெய் வாசனை, சூடு, காகிதத்தில் நாலு பஜ்ஜி, சட்னி. இரண்டாம் சுற்று. மூன்றாம் சுற்றில் தவில் ஏறி வருகிற இடம் வந்தபோது பூங்கோதையின் இடது கணுக்கால் அவளைக் கேட்காமல் தரையை ஒரு மிதி மிதித்தது. யாரும் விழவில்லை. கைத்தட்டல். அப்புறம் ஒலிபெருக்கியில் சலசலப்பு, ராணியை மேஜையில் உட்காரவைத்துவிட்டார்கள் போல, யாரோ முடிச்சில் கைவைத்துவிட்டார்கள் போல, திடீரென்று முந்நூறு பிள்ளைகளும் ஒரே குரலில் கத்தின. "கட்டினவங்கதான் அவுக்கணும்! கட்டினவங்கதான் அவுக்கணும்!" ஐந்தாம் பக்கம். பூங்கோதை பஜ்ஜியை ஊதிச் சின்னவனுக்கு ஒரு துண்டு கொடுத்தாள்.

"கட்டுக் கட்டுன அம்மா எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்." திருவிழாக்காரர். "அம்மா, உன்னைத்தான்!" "எத்தனையோ அம்மா இருக்காங்க, சாப்பிடு." கொஞ்சம் கழித்து, "ராணியம்மாவோட தோழி, தோழி அவர்கள், உடனே வரவும், ராணியம்மா இறங்க முடியாம உக்காந்திருக்காங்க." கூட்டம் சிரித்தது. இனியா மெல்லுவதை நிறுத்தினாள். அம்மாவின் காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், புத்தகத்தை எண்ணெய்க் கையோடே பிரித்துப் பன்னிரண்டாம் பக்கத்தைப் பார்த்தாள். "அம்மா, இந்தத் தோழி நீயா?" "தோழி இல்லடி," என்றாள் பூங்கோதை. "அதுல விழுந்தது நான்." "கிணத்தடியில...?" "கிணத்தடியும் இல்ல, ஒண்ணும் இல்ல. தஞ்சாவூர்ல. மூணாம் சுத்துல. மீசை வச்சிருந்தேன்." இனியாவின் வாய்க்குள் பஜ்ஜி அப்படியே இருந்தது. ஒலிபெருக்கி கரகரத்தது, மைக்கை யாரோ கை மாற்றுகிற சத்தம், அப்புறம் ஒரு மூச்சு, மைதானம் முழுக்க, புத்தகக் கடைகளுக்கும் சைக்கிள் நிறுத்துமிடத்துக்கும் வாசல் வாழைமரத்துக்கும் சேர்த்துக் கேட்கிற மாதிரி அமுதாவின் குரல். "பூங்கோதை. மேலக்குறிச்சி பூங்கோதை. வந்து அவுத்து விடுடி."

"அம்மா, உன் பேரு! உன் பேரைச் சொல்றாங்க!"

"கேட்டுச்சு," என்றாள் பூங்கோதை, அடுத்த பஜ்ஜியைச் சட்னியில் தோய்த்துக்கொண்டே. "இன்னொரு தடவை சொல்லட்டும்."